வேர்டு, பிடிஎஃப் ஃபைலுக்குள் இருக்கும் போட்டோவைத் தரம் குறையாமல் எடுப்பது எப்படி? ஸ்கிரீன்ஷாட் ஏன் வேண்டாம்?

பேனர் கடைகளில் அடிக்கடி நடக்கும் காட்சி இது. தாத்தாவின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு ஃபிளெக்ஸ் அடிக்க வேண்டும். அவருடைய நல்ல போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் போனில் இல்லை, ஆல்பத்திலும் இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் கோயில் கும்பாபிஷேக மலருக்காக டைப் செய்த வேர்டு ஃபைலுக்குள் இருக்கிறது. வீட்டில் ஒருவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "இது ரொம்பச் சின்ன போட்டோங்க. பெருசு பண்ணா உடைஞ்சிரும். ஒரிஜினல் இருந்தா அனுப்புங்க" என்கிறார்.

ஒரிஜினலுக்கு எங்கே போவது? வேறெங்கும் போக வேண்டாம். பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட்டைவிடப் பல மடங்கு தெளிவான படம் அதே ஃபைலுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை முழுசாக வெளியே எடுக்க இரண்டு நிமிஷம் போதும். தனி சாஃப்ட்வேர்கூட வேண்டாம்.

ஆனால் இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. உங்களால் எடுக்க முடிகிறது என்றால், நீங்கள் அனுப்பும் ஃபைலில் இருந்து மற்றவர்களாலும் எடுக்க முடியும். நீங்கள் வெட்டி மறைத்ததாக நினைக்கும் பகுதியையும் சேர்த்துத்தான். இரண்டையும் விளக்கமாகப் பார்ப்போம்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் என்ன குறையும்?

ஸ்கிரீன்ஷாட் என்பது திரையில் அந்த நேரத்தில் தெரியும் புள்ளிகளை மட்டும் நகல் எடுப்பது. போட்டோவில் எவ்வளவு விவரம் இருந்தாலும் திரை காட்டிய அளவுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 மெகாபிக்சல் போன் கேமராவில் எடுத்த போட்டோவில் சுமார் 3,000 க்கு 4,000 புள்ளிகள் இருக்கும். அதை வேர்டு பக்கத்தில் 3 இன்ச் அகலம், 4 இன்ச் உயரத்தில் வைத்திருக்கிறீர்கள். சாதாரண கம்ப்யூட்டர் திரையில் 100 சதவீத அளவில் வேர்டு ஒரு இன்ச்சுக்கு 96 புள்ளி என்ற கணக்கில் காட்டும். அப்படியானால் ஸ்கிரீன்ஷாட்டில் கிடைப்பது 288 க்கு 384 புள்ளிகள்தான். மொத்தம் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் புள்ளிகள். ஒரிஜினலில் இருந்ததோ 1 கோடியே 20 லட்சம். நூறில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

இதில் ஒரு சின்ன சிக்கல். ஃபைலைச் சேமிக்கும்போது வேர்டும் படத்தைக் கொஞ்சம் சுருக்கும். பல பதிப்புகளில் இன்ச்சுக்கு 220 புள்ளி என்பதே வழக்கமான அமைப்பு. அப்படிச் சுருங்கியிருந்தாலும் அதே படம் 660 க்கு 880 புள்ளிகளோடு ஃபைலுக்குள் இருக்கும். அதாவது ஸ்கிரீன்ஷாட்டைப் போல 5 மடங்குக்கும் மேல். பேனரில் முகம் தெளிவாகத் தெரிவதா, கலங்கித் தெரிவதா என்பதை முடிவு செய்வது இந்த வித்தியாசம்தான்.

வேர்டு ஃபைல் என்பது உண்மையில் ஒரு பெட்டி

மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2007 வந்தபோது வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் மூன்றின் ஃபைல் அமைப்பும் மாறியது. பழைய வேர்டு ஃபைலின் பெயர் டி-ஓ-சி என்று முடியும். புதியதில் கடைசியில் ஒரு எக்ஸ் சேர்ந்தது: டி-ஓ-சி-எக்ஸ். பார்க்க ஒரு எழுத்து வித்தியாசம்தான். உள்ளே எல்லாமே வேறு.

புதிய ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் பெட்டி. மெயிலில் நிறைய ஃபைல்களை ஒன்றாகச் சுருக்கி அனுப்புவோமே, அதே ஜிப்தான். அந்தப் பெட்டிக்குள் எழுத்து ஒரு ஃபைலில் இருக்கும், பக்க அலங்காரம் இன்னொரு ஃபைலில் இருக்கும், படங்கள் தனி ஃபோல்டரில் இருக்கும். நீங்கள் ஃபைலைத் திறக்கும்போது வேர்டு இவற்றையெல்லாம் சேர்த்து ஒரே பக்கமாகக் காட்டுகிறது. ஆக, நாம் செய்ய வேண்டியது அந்தப் பெட்டியை நேராகத் திறந்து, படங்கள் இருக்கும் ஃபோல்டரை எடுப்பது. அவ்வளவுதான்.

ஒரே ஒரு படம் போதுமா? இந்த வழி

வேர்டில் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். 'சேவ் ஆஸ் பிக்சர்' என்று வரும். அதை அழுத்தி, எங்கே சேமிக்க வேண்டும் என்று சொன்னால் முடிந்தது. லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துகிறவர்களும் இதேபோல ரைட் கிளிக்கில் சேமிக்கலாம்.

அவசரத்துக்கு இது நல்ல வழி. ஆனால் சில பதிப்புகளில் பக்கத்தில் காட்டும் அளவுக்குச் சுருங்கிய படமே கிடைக்கும். சேமித்த படத்தின் அளவு எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தால் அடுத்த வழிக்குப் போங்கள். ஐம்பது அறுபது படங்கள் உள்ள மலர், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என்றாலும் அடுத்த வழிதான் சரி.

எல்லாப் படங்களும் மொத்தமாக வேண்டுமா?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் இப்படிச் செய்யுங்கள்:

1. முதலில் அந்த வேர்டு ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். செய்வதையெல்லாம் நகலில் மட்டும் செய்யுங்கள். ஒரிஜினல் ஃபைலைத் தொட வேண்டாம்.

2. ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளியும் டி-ஓ-சி-எக்ஸும் தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லை என்றால் ஃபோல்டரின் மேலே உள்ள 'வியூ' பகுதிக்குப் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் 11 இல் இது 'வியூ', 'ஷோ' என்ற இரண்டு படிகளுக்குள் இருக்கும்.

3. நகலின் மேல் ரைட் கிளிக் செய்து 'ரீநேம்' கொடுங்கள். புள்ளிக்குப் பிறகு உள்ள நான்கு எழுத்தை அழித்துவிட்டு இசட்-ஐ-பி என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள்.

4. பெயரை மாற்றினால் ஃபைல் பயன்படாமல் போகலாம் என்று விண்டோஸ் எச்சரிக்கும். பயப்பட வேண்டாம், நகல்தானே! 'யெஸ்' கொடுங்கள்.

5. இப்போது அது ஜிப் ஃபைல் ஆகிவிட்டது. ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுங்கள்.

6. பிரிந்து வந்த ஃபோல்டரில் 'வேர்டு' என்று ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் 'மீடியா' என்ற ஃபோல்டர். அதைத் திறந்தால் ஃபைலில் சேர்த்த படங்கள் எல்லாம் 'இமேஜ்' என்ற பெயரோடு 1, 2, 3 என வரிசையாக இருக்கும்.

இந்த எண்கள் எப்போதும் பக்க வரிசைப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் படத்தைப் பார்த்து எடுங்கள், எண்ணை நம்பி எடுக்காதீர்கள்.

பவர்பாயின்ட், எக்செல், பழைய ஃபைல்கள்?

பவர்பாயின்ட்டுக்கும் எக்செலுக்கும் இதே முறைதான். பவர்பாயின்ட்டில் 'பிபிடி' என்ற ஃபோல்டருக்குள்ளும், எக்செலில் 'எக்ஸ்எல்' என்ற ஃபோல்டருக்குள்ளும் 'மீடியா' இருக்கும். லிப்ரே ஆபீஸின் ஓ-டி-டி ஃபைலும் ஜிப் பெட்டிதான். அதில் படங்கள் 'பிக்சர்ஸ்' ஃபோல்டரில் இருக்கும். ஈபப் மின்னூலையும் இப்படியே திறக்கலாம்.

2007 க்கு முந்தைய பாணியில் உள்ள டி-ஓ-சி ஃபைல் என்றால் பெயரை மாற்றினாலும் திறக்காது. அது ஜிப் இல்லையே! முதலில் அதை வேர்டில் திறந்து, 'சேவ் ஆஸ்' மூலம் புதிய டி-ஓ-சி-எக்ஸ் வகையாகச் சேமியுங்கள். பிறகு மேலே சொன்னபடி செய்யுங்கள்.

திறப்பதற்கே பாஸ்வேர்டு கேட்கும் ஃபைலையும் நேராக ஜிப்பாகத் திறக்க முடியாது. அந்த ஃபைல் முழுவதும் பூட்டப்பட்டிருக்கும். பாஸ்வேர்டு போட்டுத் திறந்து, பூட்டு இல்லாத நகலாகச் சேமித்த பிறகே முடியும்.

கூகுள் டாக்ஸில் இருந்தால் இன்னும் சுலபம். 'ஃபைல்', 'டவுன்லோட்' போய், 'வெப் பேஜ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு ஜிப் ஃபைல் இறங்கும். அதற்குள் படங்கள் தனி ஃபோல்டரில் இருக்கும்.

பிடிஎஃப் மட்டும் ஏன் மக்கர் பண்ணுகிறது?

பிடிஎஃப் என்பது அடோபி நிறுவனம் 1993 இல் கொண்டுவந்த வடிவம். எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அது ஜிப் பெட்டி கிடையாது. பெயரை மாற்றினால் ஒண்ணும் நடக்காது. ஆனால் போட்டோக்கள் அதற்குள்ளும் தனித்தனித் துண்டாகத்தான் இருக்கின்றன. எடுக்கக் கருவி தேவை, அவ்வளவுதான்.

எடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். பிடிஎஃப்பை 400 சதவீதம் வரை பெரிதாக்குங்கள்.

போட்டோ அப்போதும் தெளிவாக இருந்தால் உள்ளே நல்ல தரமான படம் இருக்கிறது. எடுப்பது வீண் போகாது.

எழுத்து தெளிவாக இருக்கிறது, போட்டோ மட்டும் உடைகிறது என்றால், பிடிஎஃப் செய்தவரே போட்டோவைச் சுருக்கிவிட்டார் என்று அர்த்தம். எந்தக் கருவியாலும் அதற்கு மேல் தரம் கிடைக்காது. அவரிடமே மூல ஃபைலைக் கேளுங்கள்.

எழுத்தும் சேர்ந்து உடைகிறது என்றால் அது ஸ்கேன் செய்த பிடிஎஃப். அதில் பெரும்பாலும் ஒரு பக்கம் முழுவதுமே ஒரே படம். போட்டோ தனியாக வராது. முழுப் பக்கத்தையும் படமாக எடுத்து, வேண்டிய இடத்தை வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, எந்தக் கருவி? இலவசமாக வேண்டும் என்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள 'டிரா' மென்பொருளில் பிடிஎஃப்பைத் திறக்கலாம். படத்தைக் கிளிக் செய்து ரைட் கிளிக் செய்தால் அதைச் சேமிக்கும் வசதி வரும். காசு கொடுத்து அடோபி அக்ரோபேட் புரோ வைத்திருப்பவர்கள், எல்லாப் படங்களையும் ஒரேயடியாக ஏற்றுமதி செய்யும் வசதியை அதில் பயன்படுத்தலாம்.

நூற்றுக்கணக்கான பக்கங்கள் உள்ள பிடிஎஃப் என்றால் 'பாப்ளர்' என்ற இலவசத் தொகுப்பில் 'பிடிஎஃப் இமேஜஸ்' என்று ஒரு கருவி இருக்கிறது. லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்குப் பழக்கமானது. கமாண்ட் டைப் செய்து இயக்க வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் படங்களைத் திரும்பச் சுருக்காமல், இருந்தபடியே எடுத்துக் கொடுக்கும்.

அக்ரோபேட் ரீடரில் உள்ள 'ஸ்னாப்ஷாட்' வசதியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதுவும் திரையில் தெரிவதை நகல் எடுப்பதுதான், ஸ்கிரீன்ஷாட்டுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த படம் வேறு மாதிரி இருக்கிறதா?

பின்னணி கறுப்பாக வருகிறது: பின்னணி இல்லாத லோகோ, கையெழுத்து போன்ற படங்களை பிடிஎஃப் இரண்டு துண்டாக வைக்கும். ஒன்று நிறம், இன்னொன்று எங்கே மறைய வேண்டும் என்று சொல்லும் கறுப்பு வெள்ளை அச்சு. தனியாக எடுத்தால் இரண்டும் தனித்தனியாக வரும். எடிட்டிங் தெரிந்தவரிடம் இரண்டையும் கொடுத்தால் சேர்த்துவிடுவார்.

லோகோ வரவே இல்லை: அது போட்டோவாக இல்லாமல் கோடுகளாக வரையப்பட்டிருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வகை இது. 'இங்க்ஸ்கேப்' என்ற இலவச மென்பொருளில் பிடிஎஃப் பக்கத்தைத் திறந்து அதைத் தனியாகப் பிரிக்கலாம்.

வேர்டில் போட்ட வரைபடம் மீடியா ஃபோல்டரில் இல்லை: பார் சார்ட், பை சார்ட் போன்றவை படமாகச் சேமிக்கப்படுவதில்லை. எண்களாகத்தான் இருக்கும். வேர்டு திறக்கும்போது புதிதாக வரைந்து காட்டுகிறது.

படம் கிடைத்தது, ஆனால் சின்னதாகவே இருக்கிறது: 4 க்கு 6 இன்ச் போட்டோ பிரின்ட் தெளிவாக வர 1,200 க்கு 1,800 புள்ளி இருந்தால் நல்லது. ஃபிளெக்ஸை எட்டி நின்று பார்ப்பதால் ஓரளவு குறைந்தாலும் சமாளிக்கலாம். ஏஐ மூலம் பெரிதாக்கித் தரும் செயலிகளில் மட்டும் கவனம் தேவை. இல்லாத விவரத்தை அவை ஊகித்து வரைகின்றன. முகம் பளிச்சென்று இருக்கும், ஆனால் தாத்தா மாதிரி இருக்காது!

வெட்டின பாகம் எங்கே போகிறது?

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

ஆதார் கார்டை போட்டோ எடுத்து வேர்டில் சேர்க்கிறீர்கள். பெயர் மட்டும் தெரிந்தால் போதும் என்று எண் உள்ள பகுதியை வேர்டிலேயே 'க்ராப்' செய்து, ஃபைலை மெயிலில் அனுப்புகிறீர்கள். பக்கத்தில் எண் தெரியாது. ஆனால் ஃபைலுக்குள் முழு கார்டும் அப்படியே இருக்கும். வேர்டின் க்ராப், படத்தை வெட்டுவதில்லை. திரை போட்டு மறைக்கிறது. ஃபைலைப் பெறுகிறவர் படத்தைக் கிளிக் செய்து 'க்ராப்' அழுத்தினாலே மறைந்த பகுதி தெரிந்துவிடும். மீடியா ஃபோல்டரைத் திறந்தால் முழுப் படமே கிடைக்கும்.

சந்தேகமா இருக்கா? உங்களிடம் உள்ள பழைய ஃபைல் ஒன்றில் இப்போதே செய்து பாருங்கள்.

எண்ணின் மேல் கறுப்புக் கட்டம் போட்டு மறைப்பதும் இதே கதைதான். வேர்டில் கட்டம் தனி, படம் தனி. கட்டத்தை இழுத்து நகர்த்தினால் அடியில் எண் இருக்கும். பிடிஎஃப்பிலும் சாதாரணக் கட்டம் வரைந்து மறைத்தால், அடியில் உள்ள படம் போகாது.

பெரிய நிறுவனங்களின் மென்பொருளிலேயே இப்படி நடந்திருக்கிறது. கூகுள் பிக்சல் போன்களில் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டும் 'மார்க்கப்' கருவியில், வெட்டி எறிந்த பகுதி புதிய ஃபைலிலேயே தங்கிவிடுவதை 2023 மார்ச்சில் சைமன் ஆரன்ஸ், டேவிட் புக்கானன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வெட்டிய பகுதியில் ஒரு பங்கைத் திரும்ப எடுக்கவும் முடிந்தது. சில நாட்களிலேயே விண்டோஸ் 11 இன் 'ஸ்னிப்பிங் டூல்' கருவியிலும் இதே போன்ற ஓட்டை தெரியவந்தது. இரண்டு நிறுவனங்களும் அதைச் சரிசெய்துவிட்டன. ஆனால் அதற்கு முன்பே வெட்டிப் பகிர்ந்த படங்கள் பகிர்ந்தது பகிர்ந்ததுதான்.

அப்படியானால் பாதுகாப்பாக அனுப்புவது எப்படி?

வேர்டில் க்ராப் செய்த பிறகு, படத்தைக் கிளிக் செய்து மேலே 'பிக்சர் ஃபார்மேட்' பகுதியில் 'கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்' என்பதைத் திறங்கள். அதில் 'டெலீட் க்ராப்டு ஏரியாஸ்' என்பதில் டிக் இருக்க வேண்டும். ஃபைலில் உள்ள எல்லாப் படங்களுக்கும் சேர்த்துச் செய்ய, 'அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு ஃபைலைச் சேமியுங்கள். இப்போதுதான் வெட்டின பகுதி உண்மையாகவே போகும்.

இதைவிட நம்பகமான வழி, வேர்டுக்குள் கொண்டுவரும் முன்பே 'பெயின்ட்' போன்ற மென்பொருளில் வெட்டி, புதிய படமாகச் சேமித்து, அந்தப் புதிய படத்தைச் சேர்ப்பது.

ஆதாரைப் பொறுத்தவரை இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே 'மாஸ்க்டு ஆதார்' பதிவிறக்கலாம். 12 இலக்கத்தில் முதல் 8 மறைந்து, கடைசி 4 மட்டும் தெரியும். அது போதும் என்கிற இடங்களில் அதையே கொடுங்கள்.

இன்னொன்று. போன் கேமராவில் எடுத்த போட்டோவில் எடுத்த தேதி, நேரம், லொகேஷன் ஆன் செய்திருந்தால் எடுத்த இடம்கூடப் பதிவாகும். ஃபைலில் சேர்த்த பிறகும் அந்தத் தகவல் சில சமயம் படத்தோடு ஒட்டியிருக்கலாம். வீட்டில் எடுத்த படத்தைப் பொதுவெளியில் பகிரும் முன் இதையும் யோசியுங்கள்.

ஆன்லைன் தளங்களில் செய்யலாமா?

ஃபைலை அப்லோட் செய்தால் படங்களைப் பிரித்துக் கொடுக்கும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. கல்லூரி பாடக்குறிப்பு, விளம்பர நோட்டீஸ் என்றால் பரவாயில்லை. ஆதார், பத்திரம், மருத்துவ ரிப்போர்ட், வங்கி ஸ்டேட்மென்ட் உள்ள ஃபைல்களை அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றிய நொடியில் உங்கள் ஆவணத்தின் ஒரு நகல் வேறொருவர் கம்ப்யூட்டருக்குப் போகிறது. மேலே சொன்ன முறைகளில் எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே நடக்கும். கூகுள் டாக்ஸில் இருப்பது மட்டும் ஏற்கெனவே கூகுளிடம்தான் இருக்கிறது.

எடுத்த படம் நம்முடையதாகிவிடுமா?

ஆகாது. வேறொருவர் எடுத்த போட்டோ பிடிஎஃப்பில் இருந்து எளிதாக வந்துவிட்டது என்பதால் உரிமை மாறாது. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957 இன்படி, பொதுவாகப் படம் எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளும் புகைப்படத்துக்குப் பாதுகாப்பு உண்டு. உங்கள் குடும்பப் படம், நீங்களே தயாரித்த ரிப்போர்ட் என்றால் பிரச்சினை இல்லை. பத்திரிகை, புத்தகம், நிறுவன அறிக்கைகளில் இருந்து எடுத்து வெளியிடுவதாக இருந்தால் அனுமதி கேளுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம்

இவ்வளவு செய்து எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் அங்கே மறுபடியும் சுருங்கிவிடும். 'டாக்குமென்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், அல்லது மெயிலில் அனுப்புங்கள். அப்போதுதான் ஃபைலுக்குள் இருந்த படம் அதே தரத்தில் கடைக்காரர் கைக்குப் போகும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் பழைய மலர், அழைப்பிதழ், ப்ராஜெக்ட் ஃபைல்கள் கிடந்தால் இந்த வார இறுதியில் ஒருமுறை திறந்து பாருங்கள். தொலைந்துபோனது என்று நினைத்த போட்டோ ஏதாவது ஒரு 'மீடியா' ஃபோல்டருக்குள் இருக்கலாம். கிடைத்தால் உடனே வேறொரு இடத்திலும் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.